பாடகர் (பொறுப்பு)

அரசு அலுவலகப் பெயர்ப்பலகைகளில் பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். வட்டாட்சியர் (பொறுப்பு). தலைமை ஆசிரியர் (பொறுப்பு). நான் படித்த பிரெஞ்சில் இதை ‘பார் அந்தெரீம்’ என்பார்கள். உரியவர் போய்விட்டார், அடுத்தவர் இன்னும் வரவில்லை, அதுவரை வேலை நிற்கக் கூடாது. அந்த இடைவெளியை அடைக்க வருகிறவருக்குத்தான் அந்த அடைப்புக்குறி. கையெழுத்து அவருடையது, திட்டும் அவருக்குத்தான். காரியம் நடந்தால் “பழைய ஐயா போட்டு வைத்த பாதை” என்பார்கள். நடக்காவிட்டால் “பழைய ஐயா இருந்தால் இப்படி ஆகுமா?” என்பார்கள்.

நான் எழுத வந்தது அலுவலகத்தைப் பற்றி அல்ல. 1980-இல் லண்டனில் இதே நிலைமைக்கு வந்த ஒரு பாட்டுக் குழுவைப் பற்றி. குழுவின் பெயர் ‘யெஸ்’. ஆமாம் என்று பொருள்படும் அதே சொல்தான். அந்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் ‘டிராமா’. பாட்டுக்காரரும் கீபோர்டுக்காரரும் வெளியேறிய சில வாரங்களில், யாரும் எதிர்பாராத இரண்டு பேரை வைத்துக்கொண்டு செய்த தட்டு அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். அதன் கதையை நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. வேலை மாறுதல், புதியவர் வருகை, பழையவர் நினைவு எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிகள்தானே.

முதலில் இந்த வகை இசையைப் பற்றிக் கொஞ்சம். 1960-களின் கடைசியில் இங்கிலாந்து இளைஞர்கள் சிலருக்கு மூன்று நிமிடச் சினிமாப் பாட்டு அளவிலான ராக் பாடல் போதவில்லை. மேற்கத்திய செவ்வியல் இசையில் இருப்பதுபோல் பல பகுதிகள் கொண்ட நீண்ட உருப்படிகளைக் கிட்டாரிலும் டிரம்ஸிலும் ஆர்கனிலும் செய்து பார்த்தார்கள். ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும், இருபது நிமிடம் ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், திடீரென்று எல்லாம் அடங்கி ஒரு கிட்டார் மட்டும் பேசும். இதற்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர் வைத்தார்கள். கிங் கிரிம்சன், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர், யெஸ் ஆகியவை அதன் பெரிய பெயர்கள்.

யெஸ் குழுவை 1968-இல் லண்டனில் தொடங்கியவர்கள் இருவர். பாடகர் ஜான் ஆண்டர்சன், பேஸ் கிட்டார் வாசித்த கிறிஸ் ஸ்குயர். கூட பீட்டர் பேங்க்ஸ் கிட்டார், டோனி கே ஆர்கன், பில் ப்ரூஃபோர்ட் டிரம்ஸ். இந்தக் குழுவில் ஆள் மாறுதல் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1970-இல் பேங்க்ஸ் போய் ஸ்டீவ் ஹவ் வந்தார். 1971-இல் டோனி கே போய் ரிக் வேக்மன் வந்தார். 1972-இல் குழுவின் மிகச் சிறந்த தட்டு என்று பலரும் சொல்லும் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பதிவு முடிந்ததும் ப்ரூஃபோர்ட் கிங் கிரிம்சனுக்குப் போய்விட்டார். அமெரிக்கப் பயணத்துக்குச் சில நாட்களே இருந்தன. ஜான் லெனனுடன் வாசித்திருந்த ஆலன் ஒயிட் வந்து அந்தக் கடினமான உருப்படிகளை அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டு மேடையேறினார். அப்படி அவசரத்துக்கு வந்தவர் 2022-இல் இறக்கும்வரை அந்தக் குழுவின் டிரம்ஸ்காரராகவே இருந்தார். 1974-இல் வேக்மன் விலகி சுவிட்சர்லாந்துக்காரரான பாட்ரிக் மொராஸ் வந்தார். பிறகு அவரும் போய் வேக்மனே திரும்பி வந்தார்.

வேக்மன் முதல்முறை போனதற்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்று நூலைப் படித்தார். அதில் சாத்திரங்களைப் பற்றிய ஒரு அடிக்குறிப்பு அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. அதை வைத்து நான்கே நான்கு பாட்டு, ஒவ்வொன்றும் ஒரு பக்கம், இரண்டு தட்டுகள் என்று 1973-இல் ஒரு பெரிய வேலையைச் செய்தார்கள். வேக்மனுக்கு அது பிடிக்கவில்லை. மேடையில் தனக்கு வேலையில்லாத நேரத்தில் உட்கார்ந்து இந்தியக் கறிச் சாப்பாடு சாப்பிட்டதாக அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்திய நூலில் ஆரம்பித்த மனஸ்தாபம் இந்தியச் சாப்பாட்டில் போய் முடிந்தது!

இத்தனை மாறுதலிலும் இரண்டு பேர் மாறவில்லை. ஆண்டர்சனும் ஸ்குயரும். அதிலும் கேட்பவர்களுக்கு யெஸ் என்றால் ஆண்டர்சனின் குரல்தான். ஆண் குரலுக்கு மிக உயர்ந்த சுருதி, உலோகத்தைத் தட்டியதுபோல் தெளிவு. கிட்டாரோ ஆர்கனோ கைமாறினால் விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் கவனிப்பார்கள். குரல் மாறினால் அடுப்படியில் இருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

1970-களின் கடைசியில் காலம் மாறியது. 1976, 1977-இல் பங்க் என்ற புதிய அலை வந்தது. மூன்று சுருதி தெரிந்தால் போதும், கோபம் இருந்தால் போதும் என்ற பாட்டு. இருபது நிமிடப் பாட்டுக்காரர்களை இளைஞர்கள் கிழவர்களாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 1978-இல் யெஸ் வெளியிட்ட ‘டோர்மாட்டோ’ பலருக்குப் பிடிக்கவில்லை. குழுவுக்குள்ளேயே இருவர் ஒரு பக்கமும் மூவர் ஒரு பக்கமும் இழுத்தார்கள்.

இந்த நிலையில் 1979-இன் கடைசி மாதங்களில் அடுத்த தட்டுக்காகப் பாரீசில் கூடினார்கள். குவீன் குழுவின் புகழ்பெற்ற பதிவுகளைச் செய்த ராய் தாமஸ் பேக்கர் தயாரிப்பாளர். ஆண்டர்சனும் வேக்மனும் கொண்டுவந்த பாடல்கள் மற்ற மூவருக்கும் மிக மென்மையாகப் பட்டன. அவர்கள் கனமாக வாசிக்க விரும்பினார்கள். மனமும் ஒட்டவில்லை, பணக் கணக்கும் ஒட்டவில்லை. போதாததற்கு ஆலன் ஒயிட் ரோலர் ஸ்கேட் விளையாடப் போய்க் கால் எலும்பை முறித்துக்கொண்டார். வேலை அப்படியே நின்றது. 1980 வசந்த காலத்துக்குள் ஆண்டர்சனும் வேக்மனும் வெளியேறினார்கள்.

‘டிராமா’ என்று தட்டுக்குப் பெயர் வைத்தார்களே, அதே சொல்லின் பிரெஞ்சு வடிவம் ‘த்ராம்’. பிரெஞ்சில் அதற்கு நாடகம் என்பதோடு விபரீதம் என்றும் பொருள் உண்டு. செய்தித்தாளில் தலைப்பில் அந்தச் சொல் இருந்தால் யாருக்கோ ஏதோ கேடு நேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தப் பொருளில் பார்த்தால் உண்மையான ‘த்ராம்’ பாரீசிலேயே நடந்து முடிந்துவிட்டது.

லண்டனில் மிஞ்சியவர்கள் ஸ்குயர், ஹவ், ஒயிட் ஆகிய மூவர். பாடகர் இல்லாமலே தினமும் கூடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த இடம் பிடிக்கும். மேலதிகாரி இல்லை என்று கடையைச் சாத்தவில்லை. வந்த வேலையைப் பார்த்தார்கள்.

அவர்களுடைய மேலாளர் பிரையன் லேன், அப்போது ‘பகிள்ஸ்’ என்ற இருவர் குழுவையும் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த இருவர் ட்ரெவர் ஹார்ன், ஜெஃப் டவுன்ஸ். யெஸ் பாரீசில் தடுமாறிக்கொண்டிருந்த அதே மாதங்களில், 1979 அக்டோபரில், இவர்களுடைய ‘வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்’ பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்திருந்தது. வானொலிப் பாடகனைத் தொலைக்காட்சி கொன்றுவிட்டது என்று சொல்லும் சின்னஞ்சிறு பாட்டு. 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது முதன்முதலில் காட்டியது அதைத்தான். உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

ஹார்ன் யெஸ் குழுவின் பழைய ரசிகர். அவரும் டவுன்ஸும் தாங்கள் எழுதிய ஒரு பாட்டை யெஸ் குழுவுக்குக் கொடுக்கலாம் என்று போனார்கள். ‘விமானத்தில் இங்கிருந்து பறக்கலாம்’ என்ற கருத்தில் அமைந்த பாட்டு. பாட்டைக் கொடுக்கப் போனவர்களை ஸ்குயர் குழுவிலேயே சேரச் சொன்னார். கச்சேரி கேட்கப் போனவரை மேடையில் ஏற்றி உட்கார வைத்ததுபோல.

நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நீண்ட தலைமுடியும் இருபது நிமிடப் பாட்டுமாக இருந்த மூத்தவர்கள். மறுபக்கம் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பாப் பாடகர், சிந்தசைசர் வைத்துக்கொண்டு ஒரு நண்பர். வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பார்வையில் ஒரு தலைமுறை இடைவெளி. ஹார்ன் தொழில்முறையில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். அந்த இருக்கையிலோ ஸ்குயர் இருக்கிறார். ஆகவே வந்தவருக்குக் கிடைத்தது உலகமே ஒப்பிட்டுப் பார்க்கப்போகும் பாடகர் இருக்கை.

1980 கோடைக்குள் லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலையை முடித்தார்கள். பழைய தட்டுகளில் கூட இருந்த எடி ஆஃபர்ட் வாத்தியப் பகுதிகளின் பதிவுக்கு உதவினார். 1970-களின் தட்டுகளுக்குக் கற்பனை உலகங்களை வரைந்த ரோஜர் டீன், இரண்டு தட்டுகளாக இல்லாமல் இருந்துவிட்டு இதற்கு மீண்டும் அட்டைப்படம் வரைந்தார். இருண்ட நிலப்பரப்பு, கருஞ்சிறுத்தைகள், மேலே அவர் வரைந்த அதே பழைய யெஸ் எழுத்து. உள்ளே ஆள் மாறியபோது வெளியே பழைய பெயர்ப்பலகையைத் துடைத்து மாட்டினார்கள்.

அந்தத் தட்டு எனக்குக் கேசட்டாகத்தான் கிடைத்தது. நம் ஊரில் சொல்தா குடும்பங்களில் பாரீசிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். எங்கள் உறவினர் ஒருவர் எனக்கென்று கேசட் கொண்டுவருவார். அட்டையின் உள்பக்கத்தில் பெயர்களைப் படித்துவிட்டு, ஆண்டர்சன் பெயர் இல்லாததால் அச்சுப் பிழை என்றே அவர் நினைத்தாராம்.

மொத்தம் ஆறு பாட்டு, 37 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. முதல் பாட்டு ‘மெஷின் மெசையா’ பத்து நிமிடம் ஓடும். இயந்திரத்தையே இரட்சகராகக் கும்பிடும் உலகத்தைப் பற்றியது. ஹவ்வின் கிட்டார் யெஸ் குழுவில் அதுவரை கேட்காத கனத்தோடு, இடி உருள்வதுபோல் தொடங்குகிறது. பிறகு எல்லாம் அடங்கி, கம்பி கிட்டாரோடு குரல் மெல்ல வரும். நடுவில் விரல்கள் ஓடும் ஒரு கீபோர்டுப் பகுதி உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு பிரெஞ்சுக்காரர் வீதோரின் ஆர்கன் ‘தொக்காத்தா’ நினைவுக்கு வரும். மாதா கோயில் திருமணத்தில் மணமக்கள் வெளியே வரும்போது வாசிப்பார்களே, அது. இயந்திரத்தைப் பற்றிய பாட்டில் கோயில் ஆர்கனின் சாயல் வருவது பொருத்தமாகவே இருக்கிறது.

அடுத்தது ‘ஒயிட் கார்’, ஒன்றரை நிமிடம்கூட இல்லை. பகிள்ஸ் இருவரின் கைவரிசை அப்படியே தெரியும். ‘டஸ் இட் ரியலி ஹேப்பன்’ பாட்டில் ஸ்குயரின் பேஸ் கிட்டார் முன்னால் வந்து நிற்கிறது. நான்காவது ‘இன்டு தி லென்ஸ்’, கேமராவின் கண்ணைப் பற்றியது. இதையே ஹார்னும் டவுன்ஸும் அடுத்த ஆண்டு பகிள்ஸ் பெயரில் சுருக்கமாக வேறு தலைப்பில் வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அவர்கள் கொண்டுவந்த ஓலைக்கொட்டகைக்கு மற்ற மூவரும் எப்படிக் கல் தளம் போட்டார்கள் என்பது தெரியும். ‘ரன் த்ரூ தி லைட்’ பாட்டில் ஒரு வேடிக்கை. அதில் ஹார்ன் பேஸ் கிட்டார் வாசிக்க, ஸ்குயர் பியானோவுக்குப் போயிருக்கிறார். மூத்தவர் தன் இருக்கையை ஒரு பாட்டுக்கு இளையவருக்கு விட்டுக்கொடுத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிப் பாட்டு ‘டெம்பஸ் ஃப்யூஜிட்’. லத்தீனில் ‘காலம் பறக்கிறது’ என்று பொருள். ஐந்து நிமிடம் மூச்சுவிடாத ஓட்டம். நடுவில் குழுவின் பெயரான அந்த ‘யெஸ்’ என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். நாங்கள் இன்னும் அதே குழுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதலில் கேட்பவருக்கு ஹார்னின் குரல் ஆண்டர்சனைப்போலவே இருப்பதாகத் தோன்றும். நகல் எடுக்கிறார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. தனியாகக் கவனித்தால் அந்தக் குரல் கொஞ்சம் தடித்தது, மண் வாசனை உள்ளது. பிறகு ஏன் பழைய யெஸ்போல ஒலிக்கிறது? பின்னால் ஸ்குயர் பாடுகிறார், அதனால்தான். முதல் தட்டிலிருந்தே ஆண்டர்சனின் குரலுக்கு மேலும் கீழும் சுருதி சேர்த்துப் பாடியவர் அவர். நாம் ஆண்டர்சன் என்று நினைத்துக் கேட்டதில் ஒரு பங்கு ஸ்குயர். கூத்தில் பின்பாட்டுக்காரரை யாரும் கவனிப்பதில்லை. வேஷக்காரர் மாறின ராத்திரியில்தான் அவர் தாங்கி நிற்பது தெரியும். ‘டிராமா’ எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ஒரு குழுவின் அடையாளம் முன்னால் நிற்பவரின் குரலில் மட்டும் இல்லை, சேர்ந்து வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

1980 ஆகஸ்டில் தட்டு வெளியானது. பிரிட்டனில் இரண்டாமிடம், அமெரிக்காவில் 18-ஆம் இடம். தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. சோதனை வந்தது மேடையில்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் தனக்கேற்ற சுருதியில் பாடலாம், பிடிக்காவிட்டால் மறுபடியும் பாடலாம். மேடையில் புதிய பாட்டோடு பழைய பாட்டையும் பாட வேண்டும். பழைய பாட்டுகள் எல்லாம் ஆண்டர்சன் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்தவை. நம் பாடகர்கள் ஆறு கட்டை, ஐந்து கட்டை என்று சொல்வார்களே, அந்தக் கணக்கில் அவருக்கு இயல்பானது இவருக்கு எட்டிப் பிடிக்க வேண்டிய உயரம். ஒரு நாள் பாடலாம். வாரக்கணக்கில் இரவுக்கு இரவு பாடினால் தொண்டை என்ன ஆகும்? செப்டம்பரில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மட்டும் மூன்று இரவுகள். அதுவரை பெரிய மேடைப் பயணம் போகாத ஹார்னுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அமெரிக்காவில் ஓரளவு சமாளித்தார்கள். ஆண்டுக் கடைசியில் பிரிட்டனுக்கு வந்தபோது வரவேற்பு கசந்தது. ஆண்டர்சனும் வேக்மனும் எங்கே என்ற எண்ணத்தோடு வந்தவர்கள் அதை மறைத்துக்கொள்ளவில்லை. நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. பழைய கச்சேரிப் பதிவுகளைத் தொகுத்து ‘யெஸ்ஷோஸ்’ என்று இரட்டைத் தட்டு கடைக்கு வந்தது. அதில் பாடுவது ஆண்டர்சன். புதியவர் மேடையில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கும்போது, கடை வாசலில் பழையவர் குரல் விற்பனைக்கு!

ரசிகர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பத்து ஆண்டுகள் ஒரு குரலோடு வளர்ந்தவன், சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்கிப் போய், வேறு குரலைக் கேட்டால் ஏமாந்ததாகத்தான் நினைப்பான். பெயர்ப்பலகையை நம்பித்தான் மக்கள் உள்ளே வருகிறார்கள். ஆனால் அவன் கோபப்பட வேண்டியது விட்டுவிட்டுப் போனவர்கள் மீதா, நடத்தியவர்கள் மீதா, வந்து நின்றவன் மீதா? எங்கேயும் கல் விழுவது எதிரில் நிற்பவன் மேல்தான்.

1980 டிசம்பரில் பயணம் முடிந்தது. 1981 தொடக்கத்தில் குழுவும் கலைந்தது. ஹார்ன் மேடையை விட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பினார். ஹவ்வும் டவுன்ஸும் சேர்ந்து, ஜான் வெட்டன், கார்ல் பாமர் ஆகியோருடன் ‘ஏஷியா’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1982-இல் வந்த அதன் முதல் தட்டு அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. யெஸ் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஸ்குயரும் ஒயிட்டும் விடவில்லை. தென்னாப்பிரிக்கக் கிட்டார்க்காரர் ட்ரெவர் ராபினையும், 1971-இல் வெளியேறிய டோனி கேயையும் சேர்த்துக்கொண்டு ‘சினிமா’ என்ற பெயரில் வேலையைத் தொடங்கினார்கள். பாட ஹார்னைக் கூப்பிட்டார்கள். அவர் பாட வரவில்லை. தயாரிப்பாளராக வந்தார். வேலை ஏறக்குறைய முடியும் நேரத்தில் ஸ்குயர் அந்தப் பதிவுகளை ஆண்டர்சனுக்குப் போட்டுக் காட்ட, அவரும் வந்து சேர்ந்தார். ஆண்டர்சன் வந்ததும் குழுவின் பெயர் மறுபடியும் யெஸ் ஆனது. 1983-இல் வெளியான அந்தத் தட்டின் பெயர் ‘90125’. அதில் உள்ள ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. யெஸ் குழுவின் நெடுங்கால வாழ்வில் அங்கே முதலிடம் வந்த ஒரே பாட்டு அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். மேடையில் ஆண்டர்சன் இடத்தில் நின்று ஏச்சு வாங்கியவர் ஹார்ன். அதே ஆண்டர்சன் திரும்பி வந்து பாடிய பாட்டை உலகம் முழுவதும் கேட்கும்படி செதுக்கிக் கொடுத்தவரும் ஹார்ன். இருக்கையை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, கோப்பை ஒழுங்காக முடித்துக் கொடுத்திருக்கிறார். ‘டிராமா’ இல்லாமல் இருந்திருந்தால் ஸ்குயருக்கும் ஹார்னுக்கும் அந்தப் பழக்கம் ஏது? அந்தப் பழக்கம் இல்லாமல் ‘90125’ ஏது? ஹார்ன் அதன்பிறகு பிரிட்டனின் மிகப் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவர் ஆனார். 1980-களின் பாப் இசையை உருவாக்கியவர் என்றே அவரைச் சொல்கிறார்கள்.

இனி பதிவேட்டைப் பார்ப்போம். 2017-இல் அமெரிக்காவின் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ யெஸ் குழுவைச் சேர்த்துக்கொண்டது. எட்டுப் பேர் பெயர்கள் வந்தன. ஆண்டர்சன், ஸ்குயர், ப்ரூஃபோர்ட், டோனி கே, ஹவ், வேக்மன், ஒயிட், ராபின். ஹார்ன் பெயரும் இல்லை, டவுன்ஸ் பெயரும் இல்லை. முதல் கிட்டார்க்காரர் பேங்க்ஸும், மொராஸும்கூட இல்லை. ஸ்குயர் 2015-இலேயே இறந்துவிட்டதால் அவரும் அந்த மேடையில் இல்லை. தொடக்கம் முதல் தன் கடைசிக் காலம்வரை வெளியான அத்தனை யெஸ் தட்டிலும் வாசித்த ஒரே ஆள் அவர்தான்.

பணிப்பதிவேடுகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நிரந்தரப் பணியில் இருந்தவர்கள் பட்டியல் ஒன்று, வேலை செய்தவர்கள் பட்டியல் வேறு. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பொறுப்பில் இருந்த ஆறு மாதத்தில் யார் எந்தக் கோப்பை முடித்தார் என்று தெரிய வேண்டுமானால் பட்டியலைப் பார்த்துப் பயனில்லை. கோப்பைப் பிரித்து, குறிப்புப் பக்கத்தில் இருக்கும் சுருக்கொப்பத்தைப் பார்க்க வேண்டும். ‘டிராமா’ தட்டில் ஆறு பாட்டுக்கும் ஆக்கியோர் என்று ஐந்து பேரின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். அங்கே நிரந்தரம், பொறுப்பு என்ற பேதம் இல்லை.

காலமும் தன் பங்குக்குக் கணக்கைச் சரிசெய்தது. 2008-இல் ஆண்டர்சன் உடல்நலக் குறைவால் வர முடியாமல் போனபோது, கியூபெக்கைச் சேர்ந்த பெனுவா தாவித் என்பவரை வைத்துப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். 2011-இல் அவரைப் பாட வைத்து, ஹார்னின் தயாரிப்பில், 1980-இல் தட்டில் இடம் பெறாமல் போன அந்த விமானப் பாட்டை விரிவாக்கி வெளியிட்டார்கள். டவுன்ஸ் அப்போது குழுவுக்குத் திரும்பியவர், நிலைத்துவிட்டார். 2016-இல் ‘டிராமா’ முழுவதையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மேடையில் வாசித்தார்கள். ஒரு காலத்தில் கசந்த தட்டு, ரசிகர்கள் வரிசையில் நின்று கேட்கும் தட்டாகிவிட்டது. 2018-இல் அந்த விமானப் பாட்டின் தட்டையே, தாவித்தின் குரலுக்குப் பதில் ஹார்ன் தானே பாடி மறுபடியும் வெளியிட்டார்கள். கொடுக்க வந்த பாட்டைத் தன் குரலிலேயே பதிந்து கொடுக்க அவருக்கு 38 ஆண்டுகள் ஆயின. அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. குரலில் வயது தெரிகிறது. அவசரம் இல்லை.

இப்போது கேசட் தேட வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளிடம் யெஸ், டிராமா என்று இரண்டு சொல் சொன்னால் போனிலேயே போட்டுக் கொடுப்பார்கள். கனமான கிட்டார் காதுக்கு ஒத்துவராதவர்கள் நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போங்கள். ஐந்து நிமிடம்தான். கேட்கும்போது முன்னால் பாடுகிறவரோடு பின்னால் சேர்ந்து பாடும் இன்னொரு குரலையும் கவனியுங்கள். அது கிறிஸ் ஸ்குயர்.